பாட்டி சொன்ன அமாவாசை

அன்புள்ள தம்பி,

வணக்கம். வயதில் உங்களைவிட மூத்தவன் என்பதால் தம்பி என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்குக் கீழே மூத்தோருக்கான நடவடிக்கை நிலையம் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு அங்கே தொண்டூழியம் செய்கிறேன். தினமும் காலையில் வெள்ளைப் பலகையில் 'இன்றைய நாள்' என்று ஐந்தாறு வரி எழுதிப்போடுவது என் வேலை. இணையத்தில் தேதியைத் தட்டினால் போதும், அன்று என்ன நடந்தது, யார் பிறந்தார், உலகம் எதைக் கொண்டாடுகிறது என்று கொட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நிலையம் கிடையாது என்பதால் சனிக்கிழமையே ஞாயிற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுவேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி 15-க்கு நான் எழுதியது இது: கலிலியோ பிறந்தார் (1564). கனடாவுக்குப் புதுக்கொடி (1965). இந்தியா ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள் அனுப்பியது (2017). அமெரிக்காவில் கம்டிராப் மிட்டாய் தினம். பீரங்கிகள் எல்லாம் கடல் பக்கம் திரும்பியிருந்ததால் சிங்கப்பூர் வீழ்ந்தது (1942).

தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் படித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரி வந்ததும், "தேதியெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. அன்னிக்கு அமாவாசை. ராத்திரி திடீர்னு சத்தம் நின்னு போச்சு. அதான் ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றார். நான் தேடிய இடத்திலெல்லாம் அன்று சீனப் புத்தாண்டு என்று இருக்கிறதே தவிர, அமாவாசை என்று எங்கும் இல்லை. அப்போது அவருக்கு ஏழு வயது. குழப்பிக்கொள்கிறாரோ? வீட்டில் என் மகள் வேறு, மிட்டாய் தினத்துக்குக் கீழே யுத்தத்தை எழுதலாமா, இந்தத் தினங்கள் எல்லாம் வியாபாரிகள் கட்டிவிட்டவைதானே என்கிறாள். பலகை எழுதுவதையே விட்டுவிடலாமா என்று யோசனையாக இருக்கிறது.

– ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் பாட்டி விஷயம். அவர் குழம்பவில்லை. சீன மாதம் பிறப்பதே அமாவாசையில்தான். சீனப் புத்தாண்டின் முதல் நாள் என்றால் வானத்தில் நிலா இல்லாத நாள் என்று பொருள். 1942 பிப்ரவரி 15 குதிரை ஆண்டின் முதல் நாள், எனவே அன்று இரவு நிலா கிடையாது. நீங்கள் இணையத்தில் பார்த்ததும் பாட்டி சொன்னதும் ஒரே சங்கதி. பக்கத்து வீட்டுச் சீனர் அதைப் புத்தாண்டு என்றார், பாட்டியின் அம்மா அமாவாசை என்றிருப்பார். நம் வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத் தேதி தெரியாமல் இருக்கலாம், அமாவாசை தெரியாமல் இருக்காது. அன்று காக்கைக்குச் சோறு வைக்காமல் நமக்குச் சோறு கிடைக்காது அல்லவா. ஆயிரம் பிறை கண்டவரிடம் போய் அமாவாசையைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள், அண்ணன்.

இந்த ஆண்டு கணக்கு இன்னும் வேடிக்கை. 1942 பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை. இந்த ஆண்டும் ஞாயிறு. அது குதிரை ஆண்டு, இப்போது பிறந்திருப்பதும் குதிரை ஆண்டு. தற்செயல் என்று விட்டுவிட மனம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடுவில் ஓடியவை 84 ஆண்டுகள். கிழமையும் தேதியும் பழையபடி பொருந்த 28 ஆண்டு, சீன விலங்குச் சுற்றுக்கு 12 ஆண்டு. இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்து சேர 84 ஆண்டு பிடிக்கும். நிலா மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அதன் சுற்று 19 ஆண்டு, 84-இல் அது மிச்சமில்லாமல் போகாது. அதனால்தான் புத்தாண்டு இம்முறை இரண்டு நாள் தள்ளி 17-ஆம் தேதி வந்தது. அதே காரணத்தால் நமக்கு 15-ஆம் தேதி இரவு மகா சிவராத்திரி. தேய்பிறைச் சதுர்த்தசி, அதை அடுத்து அமாவாசை. கோயிலில் நாம் கண் விழித்திருந்த அதே வாரத்தில் பக்கத்து வீட்டில் ஆரஞ்சுப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தட்டிப் பார்த்த இணையப் பட்டியலில் சிவராத்திரி வந்திருக்காது, ஏனென்றால் அது பிப்ரவரி 15-க்கு உரியதல்ல. அந்தத் தேதிக்கு அது விருந்தாளி. அடுத்த ஆண்டு வேறு தேதிக்குப் போய்விடும்.

சத்தம் நின்றதாகப் பாட்டி சொன்னதும் அப்படியே உண்மை. மாலை 6.10 மணி வாக்கில் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் சண்டை நிறுத்தம் அப்போதே வரவில்லை. இரவு எட்டரை என்று ஒப்பந்தம். ஒரு வாரமாகப் பீரங்கிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அது நின்றதும் பயம் வந்தது என்கிறார். இதை எந்தப் பட்டியலும் உங்களுக்குக் கொட்டாது.

கையெழுத்து நேரத்தைப் பற்றி ஒரு சின்னத் தகராறு உண்டு. புத்தகங்களில் பெரும்பாலும் 6.10 என்று இருக்கும். ஆனால் அந்தச் சரணடைவின் நினைவாக பிப்ரவரி 15-இல் வரும் முழுமைத் தற்காப்பு தினத்தன்று குடிமைத் தற்காப்புப் படை தீவு முழுக்கச் சைரன் ஒலிக்கச் செய்வது, சில ஆண்டுகளாக, 6.20-க்கு. பத்து நிமிடத்துக்காக நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. ஒப்பந்தத்தில் சண்டை நிறுத்த நேரம் இரவு பத்து மணி! டோக்கியோ கடிகாரப்படி பத்து, ஊர்க் கடிகாரப்படி எட்டரை. ஜப்பான் ராணுவம் போன இடத்துக்கெல்லாம் தன் நேரத்தையும் எடுத்துப் போனது. ஊர் கைமாறியதும் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. 1945 செப்டம்பர் 12-ஆம் தேதி ஜப்பானியர் இங்கே முறைப்படி சரணடைந்ததும் முள்ளைப் பின்னுக்குத் திருப்பினார்கள்.

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. என் அம்மா இன்னும் சுவரில் சிவகாசி நாட்காட்டிதான் மாட்டுகிறார், தினம் ஒரு தாள் கிழிப்பார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. பெர்சிவல் தொழிற்சாலைக்குள் போனது ஐந்தே கால் வாக்கில். "ராகு காலத்துல போனா இப்படித்தான்" என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனால் கணக்கில் உண்டு. நாலரை டூ ஆறு என்பது காலை ஆறுக்குச் சூரியன் உதித்து மாலை ஆறுக்கு மறையும் ஊருக்கு. சிங்கப்பூரில் பிப்ரவரியில் இப்போது சூரியன் மறைய ஏழே கால் தாண்டிவிடுகிறது. 1942-இல் நம் கடிகாரம் இன்றையதைவிட அரை மணி பின்னால் ஓடியது, ஆக அன்று மறைந்தது ஆறே முக்காலை ஒட்டி. ஞாயிறு ராகு காலம் பகலின் கடைசி எட்டில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தே கால் முதல் ஆறே முக்கால் வரை. வந்தது, உட்கார்ந்தது, கையெழுத்துப் போட்டது எல்லாமே உள்ளேதான். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே கிளம்ப முடியாது.

அந்த அரை மணி எங்கே போனது என்று கேட்பீர்கள். உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 1981 டிசம்பர் 31. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க முடிவு செய்தது, நாமும் கூடவே மாறினோம். அன்று இரவு பதினொன்றரை ஆனதும் முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிப் புத்தாண்டு என்றார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. அந்த அரை மணிக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று அவருக்கும் அவர் மேற்பார்வையாளருக்கும் ஜனவரி முழுக்க வாக்குவாதம். அப்பா கேட்டது வேலை பார்க்காத அரை மணிக்கு என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சரி, அந்தக் கதை கிடக்கட்டும். டிசம்பர் 31-க்குப் பலகை எழுதும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிங்கப்பூரில் இருபத்து மூன்றரை மணி நேரமே இருந்த நாள். உங்கள் நிலையத்தில் எல்லாருமே அதை வாழ்ந்து கடந்தவர்கள். பேச்சு மதியம் வரை ஓடும்.

அடுத்து உங்கள் கடைசி வரி. அதில் இரண்டு குறை சொல்வேன், கோபிக்கக் கூடாது.

பீரங்கிக் கதை பாதிதான் சரி. கடலைக் காக்க வைத்த பீரங்கிகள்தான், ஆனால் அவற்றில் பலவற்றைத் தரைப் பக்கமும் திருப்ப முடிந்தது. சாங்கிப் பக்கம் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளைத் திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டில். இருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கும் வகை. பரவலாக வரும் காலாட்படை மேல் அதைப் போட்டால் மண்ணுக்குள் போய்ப் புதையும், அவ்வளவுதான். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து வடமேற்கில் இறங்கிவிட்டார்கள். 'பீரங்கி தப்பான பக்கம் பார்த்தது' என்பது சொல்ல வசதியான கதை. தப்பு ஒரு இரும்புக் குழாயுடையது ஆகிவிடுகிறது, ஆட்களுடையது ஆவதில்லை. இணையப் பட்டியல்களுக்கு இந்த மாதிரி ஒரே வரியில் அடங்கும் கதைகள்தான் பிடிக்கும், அதனால் அங்கே அவை சாவதே இல்லை.

இரண்டாவது, 'சிங்கப்பூர் வீழ்ந்தது'. வீழ்ந்தது பிரிட்டிஷ் படை. 'வீழ்ச்சி' லண்டனிலிருந்து பார்த்தவரின் சொல், நாமும் பள்ளிப் பாடத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். பாட்டி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நம் வீடுகளில் அதன் பெயர் ஜப்பான்காரன் காலம். ஏதோ ஒன்று முடிந்ததாக இல்லை, தொடங்கியதாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பலகையில் 'பிரிட்டிஷார் சரணடைந்த நாள், ஜப்பான்காரன் காலம் தொடக்கம்' என்று எழுதிப் பாருங்கள். அதோடு 15-ஆம் தேதியோடு நிறுத்தவும் வேண்டாம். 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்தரையில் தொடங்குகிறது. 18-ஆம் தேதி சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய்க் கொல்லும் 'சூக் சிங்' தொடங்கியது. 1967-இல் இதே பிப்ரவரி 15 அன்றுதான் லீ குவான் யூ பீச் ரோட்டில், ஜப்பான்காரன் காலத்தில் உயிரிழந்த பொதுமக்களுக்கான நான்கு தூண் நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். சாப்ஸ்டிக்ஸ் என்று நாம் செல்லமாகச் சொல்கிறோமே, அதுதான். நான்கு தூண்களில் ஒன்று இந்தியர்களான நமக்கு.

மிட்டாய்க்கு வருவோம். உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. தினங்களை அறிவிப்பவர்கள் பல ரகம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் போட்டு அறிவிப்பது ஒரு ரகம். அரசாங்கம் அறிவிப்பது இன்னொன்று. அதுவும் எப்போதும் பெரிய விஷயத்துக்குத்தான் என்று நினைக்க வேண்டாம், 1984-இல் அமெரிக்க அதிபர் ரீகன் ஜூலை மாதத்தை ஐஸ்கிரீம் மாதமாக அறிவித்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது ரகம்தான் உங்கள் கம்டிராப். 1950-களின் கடைசியில் வில்லியம் சேஸ் என்பவர் அமெரிக்காவில் இப்படிப்பட்ட தினங்களைத் தொகுத்து ஆண்டுப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். வானொலிக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காலையில் பேச ஏதாவது வேண்டுமே, அவர்களுக்கு அது அட்சயபாத்திரம். இன்று அந்த வேலையை இணையதளங்கள் செய்கின்றன, காசு வாங்கிக்கொண்டு புதுத் தினம் பதிவு செய்கிறவையும் உண்டு. கம்டிராப் என்பது சர்க்கரை தூவிய ஜவ்வு மிட்டாய். உங்கள் நிலையத்தில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர் இருக்கும், அந்த வகையில் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது.

ஆனால் கிறுக்குத்தனமாகத் தெரியும் தினம் எல்லாமே வெறும் வியாபாரம் என்று உங்கள் மகள் அடித்துச் சொன்னால், நவம்பர் 19-ஐக் காட்டுங்கள். உலகக் கழிப்பறை தினம். பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும், வர வேண்டும் என்றுதான் வைத்தார்கள். தொடங்கியவர் நம் ஊர்க்காரர், ஜாக் சிம். 2001 நவம்பர் 19-ஆம் தேதி அவர் உலகக் கழிப்பறை அமைப்பை நிறுவினார். ஆங்கிலத்தில் அதைச் சுருக்கினால் உலக வர்த்தக அமைப்பின் அதே மூன்று எழுத்து, அதுவும் தெரிந்தே செய்த குறும்பு. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2013-இல், சிங்கப்பூர் கொண்டுபோன தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 122 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. ஒரு தனியாள் தொடங்கிய 'கிறுக்குத் தினம்' உலகத் தினம் ஆனது. வாளிக் கழிப்பறை காலத்தைப் பார்த்தவர்கள் உங்கள் நிலையத்தில் இருப்பார்கள், நவம்பரில் அவர்களைப் பேசவிட்டுப் பாருங்கள்.

கலிலியோவுக்கு ஒரு சின்ன அடிக்குறிப்பு போடலாம். அவர் 1564-இல் பிறந்தபோது நாம் இன்று சுவரில் மாட்டும் நாட்காட்டியே பிறக்கவில்லை. 1582-இல்தான் அது வந்தது, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று பத்து நாளை விழுங்கிவிட்டு. அப்போது கலிலியோவுக்குப் பதினெட்டு வயது. இன்றைய கணக்கில் அவர் பிறந்தநாள் பிப்ரவரி 25. இந்த வகையில் பாட்டியின் அமாவாசை கலிலியோவின் பிப்ரவரி 15-ஐவிடக் கெட்டியான தேதி. 104 செயற்கைக்கோள் வரி சரியானதுதான், அவற்றில் 101 வெளிநாட்டவை என்பதையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். கனடாக் கொடி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பலகையை விடாதீர்கள். மிட்டாய்க்குப் பக்கத்தில் யுத்தம் இருந்ததால் பாட்டி புண்பட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. யுத்தம் கடைசி வரியாக இருந்தது, அதுதான் எனக்கு உறுத்தியது. ஊர் விஷயத்தை மேலே ஏற்றுங்கள், மற்றதைக் கீழே இறக்குங்கள், அடியில் ஒரு வரியைக் காலியாக விடுங்கள். மார்க்கரையும் பக்கத்திலேயே வையுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். அடுத்த முறை பாட்டியைப் பார்க்கும்போது, அன்று ராத்திரி சத்தம் நின்றபோது மணி என்ன என்று வீட்டில் யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். எட்டரை என்றால் அவர் வீட்டில் ஓடியது ஊர்க் கடிகாரம். பத்து என்றால் பிற்பாடு யாரோ ஜப்பான் நேரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடிகாரமே இல்லை என்று சொன்னாலும் எழுதுங்கள்.

அன்புடன்.